எட்டு நிமிடப் படமும் ஒரு கதைப் புத்தகமும்



போன வாரம் என் தங்கை மகள் போன் செய்து, "பெரியம்மா, சினிமா எடுக்கிறீங்களாமே, எனக்கு ஒரு சான்ஸ் குடுங்க" என்று கேலி செய்தாள். செய்தி எப்படியோ சென்னை வரை போய்விட்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நான் பேசிப் பழகிய நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் என் பழைய மாணவன் ஒருவன் ஆசிரியராக இருக்கிறான். அவன் தலையிலும் நரை விழுந்துவிட்டது, ஆனாலும் எனக்கு அவன் 'அவன்'தான். கார்த்திகை மாதம் ஒருநாள் போன் செய்தான்.

"டீச்சர், ஆண்டு விழாவுக்கு இந்த வருசம் நாடகம் வேண்டாமாம். குறும்படம் எடுக்கணும்கிறாங்க பிள்ளைங்க. நீங்க ஒரு நாலஞ்சு சனிக்கிழமை வந்து உட்காரணும்."

"எனக்குக் கேமராவைப் பத்தி என்னப்பா தெரியும்?"

"கேமரா அவங்களுக்கே தெரியும் டீச்சர். கதையிலதான் அடிதடி."

அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் ஏற்பாடு 2022-இல் தொடங்கியதல்லவா, அதில் படம் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. பார்க்கிற பிள்ளைக்கு எடுக்கத் தோன்றுவது நல்ல அறிகுறி. சரி என்று பஸ் ஏறினேன்.

ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்புமாக ஒன்பது பேர். அவர்கள் டீச்சருக்கே நான் டீச்சர் என்பதால் எனக்குப் 'பெரிய டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் கதைகளைக் கேட்டேன். ஒன்றில் பேய். ஒன்றில் அப்பா குடிக்கிறார், அம்மா சாகிறார், மழை கொட்டுகிறது, பையன் கலெக்டராகி வந்து அதே ஊரில் பேசுகிறான். இன்னொன்றில் பாட்டி, தாத்தா, நாய் எல்லாருமே சாகிறார்கள். எட்டு நிமிடப் படத்தில் இத்தனை பிணம் தாங்காது என்றேன். சிரித்தார்கள்.

கரும்பலகையில் மூன்று விதி எழுதினேன். ஒன்று, யாரும் சாகக் கூடாது. இரண்டு, மழை வரக் கூடாது, ஏனென்றால் நம்மிடம் மழை இல்லை. மூன்று, கடைசிக் காட்சியில் யாரும் புத்திமதி சொல்லக் கூடாது. மூன்றாவதைப் படித்ததும் ஒரு பையன், "அப்புறம் எதுக்கு பெரிய டீச்சர் படம்?" என்று கேட்டான். நாற்பது வருடம் புத்திமதி சொல்லிச் சம்பளம் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா அது!

பதிலுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினோம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1970-இல் எடுத்த முதல் படம், 'ரொட்டியும் சந்தும்'. பத்து நிமிடம் போல ஓடும், கறுப்பு வெள்ளை, வசனம் கிடையாது. ஒரு சின்னப் பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. அவன் எப்படி அந்த நாயைத் தாண்டி வீடு போய்ச் சேருகிறான் என்பதுதான் கதை. ஸ்மார்ட் போர்டில் ஓடும்போது ஒரு பிள்ளையும் அசையவில்லை. முடிந்ததும், "ஒரு நாய்தானா பெரிய டீச்சர் வில்லன்?" என்றார்கள். ஆமாம். வீட்டுக்குப் போக வேண்டும், நாய் விடவில்லை. ஒருவருக்கு ஒன்று வேண்டும், ஒன்று குறுக்கே நிற்கிறது, நேரம் குறைவு. இந்த மூன்றும் இருந்தால் நாடகம் வந்துவிடும்.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்க வீட்டுல அம்மா, ஆச்சி, அத்தை யாராவது ஒருத்தர்கிட்ட, எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க, எதுக்கு நின்னீங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க." கதை தேட வேறு ஊர் போக வேண்டாம் என்பதற்காகத்தான் கொடுத்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் எழுதிக்கொண்டு வந்தது ஏறக்குறைய ஒரே பதில். அஞ்சாவது. தீப்பெட்டி ஆபீஸ்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மழையை நம்பிய கரிசல் பூமி, மழை பொய்த்தால் அடுப்பு எரிய வைத்தது அந்த வேலைதான். இருட்டு விலகும் முன்னே வண்டி வரும், ஹாரன் அடிக்கும், தூக்குவாளியோடு பெரியவர்களும் சிறுசுகளும் ஏறிப் போவார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைத்துத் தீப்பெட்டி செய்யக் கூடாது என்று அதில் இருந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்தால் அந்தச் சட்டம் அப்போது தொடாமல் இருந்தது. சட்டம் வந்த பிறகும் வண்டி வந்தது, வீடுகளில் பெட்டியும் ஒட்டினார்கள். கல்விஉரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிள்ளைகள் யாரும் பிறந்திருக்கவில்லை. அதனால் அம்மாக்கள் சொன்னதை ஏதோ ராஜா காலத்துக் கதை போலக் கேட்டார்கள்.

கதை கிடைத்துவிட்டது, ஆனால் அது செய்திதான், இன்னும் படமாகவில்லை. சந்து இருக்கிறது, நாய் இருக்கிறது, ரொட்டி எங்கே? அப்போது நான் ஒரு வரி சொன்னேன். "ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளை. நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது, வண்டிக்குப் போகணும்னு அம்மா சொல்லிட்டாங்க. டீச்சர்கிட்ட வாங்குன கதைப் புத்தகம் கையில இருக்கு. வண்டி வர்றதுக்குள்ள அதைத் திருப்பிக் குடுக்கணும்."

பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. இயக்குநர் பொறுப்பு எடுத்துக்கொண்ட எட்டாம் வகுப்புப் பெண், "இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். சும்மா தோன்றியது என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் பழைய மாணவன் நின்றுகொண்டிருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு திட்டமிடும் வேலை. இங்கே என் பயிற்சிப் பள்ளிக் காலம் கைகொடுத்தது. பாடம் நடத்தும் முன் பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோக்கம் என்ன, துணைக்கருவி என்ன, எத்தனை நிமிடம், பிள்ளை கடைசியில் என்ன தெரிந்துகொண்டு போகும். படத்துக்கும் அதே நான்கு கட்டம் போட்டோம். சார்ட்டில் கோடு கிழித்து ஆறு காட்சி.

ஒன்று, வகுப்பறை. பிள்ளை புத்தகம் வாங்குகிறாள். இரண்டு, வீடு, சாயங்காலம். பெட்டி ஒட்டிக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொல்கிறார். மூன்று, புத்தகத்தோடு பள்ளிக்கு ஓடுகிறாள். நான்கு, பள்ளி பூட்டியிருக்கிறது, டீச்சர் போகும் பஸ் தூரத்தில் கிளம்பிவிட்டது. ஐந்து, விடியல். ஹாரன் சத்தம். பக்கத்து வீட்டுப் பையனிடம் புத்தகத்தைக் கொடுக்கிறாள். ஆறு, வகுப்பறை. பையன் புத்தகத்தை டீச்சரிடம் கொடுக்கிறான்.

அவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது 22 பக்கம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்கள் கணக்கு. வசனத்தை வெட்டச் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றரைப் பக்க வசனம் இருந்தது, வறுமை பற்றி. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "எங்க ஆச்சி இம்புட்டுப் பேசலையாம் பெரிய டீச்சர். 'நாளைக்கு வெள்ளன எந்திரி'ன்னு மட்டும் சொன்னாங்களாம்" என்றாள். ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டு அந்த மூன்று வார்த்தையை வைத்தோம்.

பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் படம் வரைந்தார்கள். சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி' எடுத்தபோது முறையான திரைக்கதையாக எழுதாமல் காட்சிகளைக் கோட்டுப் படமாக வரைந்த குறிப்பேட்டை வைத்துத்தான் எடுத்தார் என்று சொன்னதும் ஓவியம் வராத பிள்ளைகளுக்கும் தைரியம் வந்தது. குச்சி மனிதன் போதும். முகம் மட்டுமா, இடுப்பு வரையா, ஆள் முழுசாகவா, கேமரா எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சரி. இரண்டு பேர் பேசும்போது கேமரா ஒரே பக்கம் நிற்க வேண்டும், மாறி நின்றால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசுவது போல் ஆகிவிடும். அதற்காகத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, தாண்டினால் அவுட் என்று வைத்தோம். பாண்டி ஆடிய கால்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

அதே ரே படத்தில் அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியில் ரயில் பார்க்க ஓடுகிற காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் படம் பிடித்துவிட்டு மறுவாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டதாம். அடுத்த பருவம் வரை காத்திருந்து எடுத்தார்கள். இதைச் சொன்னபோது கேமராப் பையன் எழுந்து, "பெரிய டீச்சர், நம்ம பிள்ளை ஓடுற மக்காச்சோளக் காட்டைத் தை பொறந்ததும் அறுத்துருவாங்க. எங்க காடுதான்" என்றான். நாங்கள் வைத்திருந்த தேதி பொங்கலுக்குப் பிறகு. மாடு மேயும் முன்னே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. ஓடும் பாதையைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினோம்.

சத்தம் இன்னொரு தொல்லை. போனில் படம் அழகாக விழுகிறது, பேச்சு விழ மாட்டேன் என்கிறது. மின்விசிறி, டிராக்டர், சடங்கு வீட்டு ரேடியோ செட் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு முழுநாள் வேலை கொடுத்தேன். பள்ளியில் உட்கார்ந்து எந்த மணிக்கு என்ன சத்தம் என்று எழுத வேண்டும். ஒன்பதே கால் முதல் பத்தரை வரை ஊர் அமைதி என்று கண்டுபிடித்தாள். வசனக் காட்சியெல்லாம் அந்த நேரத்துக்கு. பேசுபவரின் சட்டைப் பையில் இன்னொரு போன் பேச்சை மட்டும் பதிவு செய்யும். படத்தையும் பேச்சையும் பிறகு பொருத்தக் கிளாப் பலகை அடிக்க வேண்டும். கிளாப் என்றால் ஸ்டைலுக்கு அடிப்பது என்று நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பலகை சேருகிற படமும் அந்த 'டக்' சத்தமும் ஒன்றாக வந்தால்தான் இரண்டையும் ஒட்ட முடியுமாம். அதைச் சொல்லிக் கொடுத்தது கிளாப் பிடிக்கிற பிள்ளை.

விடியற்காலைக் காட்சிக்குப் பிள்ளைகளை அஞ்சு மணிக்கு வரச் சொல்ல முடியாது, இருட்டில் போன் படம் புள்ளி புள்ளியாக வரும். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பகலிலேயே ஒரு விளக்கு வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று முடிவு. வண்டியே வராது, ஹாரன் சத்தம் மட்டும்தான். "வண்டி இல்லாம எப்படி?" என்று முகம் சுண்டிய பையன்கள், ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஹாரனை மட்டும் கேட்டுப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். நெருப்புக் குச்சி, மருந்து எதுவும் படப்பிடிப்பில் கிடையாது, வெறும் அட்டைப் பெட்டியும் பசையும்தான். ஒன்பது வீட்டிலும் பெற்றோர் கையெழுத்து வாங்கியாயிற்று. செலவு இதுவரை 640 ரூபாய், அதில் பாதி பிஸ்கட்.

இனி ஆறாவது காட்சிக்கு வருகிறேன். இத்தனையும் எழுதியது இதைச் சொல்லத்தான்.

அந்தக் காட்சியை எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பையன் புத்தகத்தைக் கொடுக்கிறான், டீச்சர் வாங்குகிறார், டீச்சரின் கண் கலங்குகிறது. படம் முடிந்தது. வாசித்துக் காட்டினேன்.

இயக்குநர் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். "டீச்சர் ஏன் அழுவுறாங்க?"

"அந்தப் பிள்ளை நின்னு போச்சேன்னுதான்."

"அது எப்படி டீச்சருக்குத் தெரியும்? பையன் எதுவும் சொல்லலையே. ஏன் வரலைன்னு டீச்சர் கேக்கவே இல்லையே."

நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். எழுபது பிள்ளைகள். அந்தப் பிள்ளையின் தெரு பள்ளியிலிருந்து தள்ளி இருந்தது. டீச்சருக்கு வெளியூர், நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ராத்திரிதான்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "போறதுக்குத்தான் பஸ்ஸு வேணும். கேக்கறதுக்கு எதுக்குப் பெரிய டீச்சர் பஸ்ஸு?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. பின்னால் நின்றவன் முன்னால் வந்து ஒரு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான். "பிள்ளைகளா, அந்தப் புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்த பையன் நான்தான்" என்றான்.

ஆமாம். அது கற்பனை இல்லை. 1990. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம். கரும்பலகைத் திட்டத்தில் பள்ளிக்கு ஒரு பெட்டிப் புத்தகம் வந்திருந்தது. கிழித்துவிடுவார்கள் என்று பல பள்ளிகளில் பூட்டி வைத்திருப்பார்கள். நான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவேன், அதில் எனக்கு ஒரு பெருமை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் படு சுட்டி. காலாண்டு விடுமுறை முடிந்து வரவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இவன் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். நடுவில் அடையாளத்துக்கு ஒரு தீப்பெட்டி லேபிள் இருந்தது. பாதிதான் படித்திருந்தாள். நான் லேபிளை எடுத்துப் போட்டுவிட்டு, நோட்டில் வரவு வைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வருடக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டேன். கோடு கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்துப் போட்டது கூட நினைவிருக்கிறது.

போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. தினம் நினைத்தேன். தினம் நாலே முக்கால் ஆனது. இதை நான் என் மனசில் 'போக முடியவில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். 35 வருடமாக அதுதான் கணக்கு.

அவன் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னான், என்னைப் பார்க்கவில்லை. "அவ எங்கிட்ட புத்தகத்தைக் குடுக்கும்போதே சொல்லி விட்டா. 'டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லு. சரியானதும் வந்துருவேன்னு சொல்லு.' வழி பூரா அதைச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். தப்பாச் சொல்லிறக் கூடாதுல்ல. டீச்சர் புத்தகத்தை வாங்குனாங்க. போய் உக்காருன்னாங்க. நான் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் போய் உக்காந்துட்டேன்."

பிறகு என்னிடம் மெதுவாக, "குத்தம் சொல்லணும்னு இல்லை டீச்சர். நானும்தான் அப்புறம் அவ வீட்டுப் பக்கம் போகல" என்றான்.

பொய்யாக ஒரு காய்ச்சலைத் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறாள் என்றால், நான் கேட்பேன் என்று அந்தப் பிள்ளை உறுதியாக நம்பியிருக்கிறாள். அந்தக் காய்ச்சலை நான் நம்பக்கூட வேண்டாம், கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாளா? தெரியாது. வீட்டு நிலை அப்படி. ஆனால் சாயங்காலம் இவன் போய், "டீச்சர் கேட்டாங்க" என்று அவளிடம் சொல்லியிருப்பான். அதுவும் இல்லாமல் போனது.

பிள்ளைகள் என் கண் கலங்கும் காட்சியை அடித்துவிட்டார்கள். நடந்தது நடந்தபடியே எடுப்பது என்று முடிவு. டீச்சர் கேட்பதில்லை. பையன் நிற்கிறான். எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று பெரிய விவாதம். மூன்று நொடி என்றான் கேமராப் பையன். இயக்குநர் பெண் வாய்விட்டு எண்ணச் சொன்னாள். மூன்று நொடியில் ஒன்றுமே தோன்றவில்லை. பத்து வரை எண்ணியபோது எல்லாரும் நெளிந்தார்கள். "பத்து" என்று எழுதிக்கொண்டாள். டீச்சராக யார் நடிப்பது என்று கேள்வியே வரவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

போன சனிக்கிழமை ஒத்திகை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், சின்ன உருவம், பழைய புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். வாங்கினேன். பிரித்தேன். நடுவில் லேபிள். யார் வைத்தது என்று தெரியவில்லை, அவர்கள் வைத்திருப்பார்கள். மூடினேன். "போய் உக்காரு" என்று சொல்ல வேண்டும். பையன் நிற்கிறான். எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு, அஞ்சு. ஆறாவதில் என் வாய் தானாக, "ஏம்ப்பா, அவ ஏன் வரல?" என்று கேட்டுவிட்டது.

"கட்!" என்று ஒரு சத்தம். "பெரிய டீச்சர்! நீங்க கேக்கக் கூடாது!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி எடுத்தோம். மறுபடி கேட்டுவிட்டேன். மூன்றாவது முறைதான் வாயை மூடிக்கொண்டு பத்து வரை நிற்க முடிந்தது. அன்று ஒரு நொடியில் எவ்வளவு சுலபமாகச் செய்தேன் என்பதை இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒத்திகைக்கு முந்தின வாரம் கிளாப் பிடிக்கிற பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் பிள்ளைகளே அவர்கள் டீச்சரிடம் போய், "சார், போய்க் கேக்கணும்" என்றிருக்கிறார்கள். பள்ளி விட்டதும் அவன் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனான். அந்த அம்மா பதறிப்போய், "என்ன சார், எதுவும் தப்புப் பண்ணிட்டாளா?" என்றாராம். வீடு தேடி வாத்தியார் வந்தால் அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போக, இவள் காவல். அதற்கடுத்த வாரம் வந்துவிட்டாள். ஒத்திகையில் கிளாப் அடித்தது அவள்தான். போகாவிட்டாலும் வந்திருப்பாள், அது எனக்குத் தெரியும். ஆனால் போனார்கள்.

படப்பிடிப்பு வரும் சனிக்கிழமை. உங்களிடம் மூன்று உதவி.

ஒன்று, பழைய சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் வேண்டும். ஓடாவிட்டாலும் சரி. டீச்சர் நாலே முக்காலுக்கு அதைப் பார்ப்பார். பித்தளைத் தூக்குவாளி ஒன்றும் வேண்டும்.

இரண்டு, உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்குப் புத்திமதி சொல்ல மாட்டேன், மூன்றாவது விதி எனக்கும் உண்டு.

மூன்று, 1990-இல் என் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இதற்குள் புரிந்திருக்கும். அவள் பெயரைக் கீழே யாரும் எழுத வேண்டாம். எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகப் போன் பண்ணுங்கள். போகிற பஸ்ஸை நான் விசாரித்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகமே கிடைக்காது, அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீதிப் பாதியை அவள் படிக்கவில்லை.

எல்லாரும் நல்லா இருங்கள்.

உங்கள் டீச்சர்